புற்றுநோய்க் கணக்கும் மலையூர் மக்களும்
(பெரும்பாறையில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணும் எழுத்தும் கற்பிக்கவே இக்கழகம் தோன்றியது. நாங்கள் பேச வந்ததும் எண்ணையும் எழுத்தையும் பற்றித்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-ஆம் ஆண்டின் இறுதியில் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன்கீழ் மக்கள்தொகைப் பதிவகங்கள் முதலில் பம்பாய், பெங்களூர், சென்னை ஆகிய பெருநகரங்களில் இயங்கின. சென்னைப் பணியை ஏற்றது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையம். நகரத்தாரின் நோய் இவ்வாறு கணக்கில் ஏறிற்று. நாட்டுப்புறத்தாரின் நோய் பெரும்பாலும் ஏறவில்லை. மராட்டியத்துப் பார்சியில் 1987-இல் கிராமப் பதிவகம் அமைந்தது. நம் திண்டுக்கல் மாவட்டம் முழுவதற்குமான பதிவகம் 2003-இல், ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில், அடையாறு நிலையத்தின் துணையோடு செயற்படலாயிற்று. மாநிலம் முழுவதற்குமான பதிவுத் திட்டம் வந்தது 2012-இல்.

பதிவக ஊழியர்கள் செய்திக்காகக் காத்திருப்பதில்லை. மருத்துவமனைகளுக்கும் சோதனைக் கூடங்களுக்கும் சென்று ஏடுகளைப் புரட்டுகின்றனர். இறப்புப் பதிவேடுகளையும் பார்க்கின்றனர். ஒரே நோயாளி மதுரையிலும் திண்டுக்கல்லிலும் மருத்துவம் பெற்றிருந்தால், பெயர், வயது, ஊர் மூன்றையும் ஒப்பிட்டு ஒருவராகவே எண்ணுகின்றனர். ஓராண்டேனும் குடியிருந்த ஊரே நோயாளியின் ஊர்.

இதனால் விளைந்த பயனுக்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. இம்மாவட்டத்துப் பெண்களிடையே அப்போது கருப்பைவாய்ப் புற்றே முதலிடம் பெற்றிருந்தது. மார்பகப் புற்றைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு! 2000-ஆம் ஆண்டு முதல் இங்கே ஓர் ஆய்வு நடந்தது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்த்தறியும் எளிய சோதனை அது. முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்கள் 31,343 பேர் அதைச் செய்துகொண்டனர். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிட அந்நோய் 25 விழுக்காடும், அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்ததை 2007-இல் வெளியான முடிவு காட்டிற்று. அழைக்கப்படாத ஊர்ப் பெண்களுக்கு அச்சோதனையை அளிக்காமல் விட்டது முறையா என்ற விவாதம் பின்னர் எழுந்தது. அது எழ வேண்டிய விவாதமே என்பது எங்கள் கருத்து. ஆயினும் பதிவகம் இல்லையேல், குறைந்தது என்று சொல்லவும் வழியிராது.

இனி நம் செய்திக்கு வருவோம். காப்பித் தோட்டத்துக் குடியிருப்பில் ஒரு மூதாட்டி வீட்டிலேயே இறந்தால், 'வயிற்று வலி' என்றோ 'முதுமை' என்றோ எழுதப்படுகிறது. சில இறப்புகள் எழுதப்படுவதே இல்லை. மதுரைக்குச் செல்வோர், கடிதம் சேரட்டும் என்று வத்தலக்குண்டில் உள்ள உறவினர் முகவரியைக் கொடுத்துவிடுகின்றனர். பெரும்பாறையின் நோய் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினால், மிளகு பறித்தவரும் பூச்சிமருந்து அடித்தவரும் சாலை போட்டவரும் ஒருவராகிவிடுகின்றனர். மருந்தடிப்பதால் புற்றுநோய் வருமா என்று எங்களிடம் கேட்போர் பலர். அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எந்த அறிஞர் விடை கூற இயலும்?

பதிவக அறிக்கைகள் வயது, பால், உறுப்பு, மாவட்டம் எனப் பிரித்துக் காட்டுகின்றன; ஊருக்கும் சேரிக்கும் உள்ள வேற்றுமையைக் காட்டுவதில்லை. எண்ணிக்கை நமக்குப் புதிய வழக்கன்று. 1932-இல் லோதியன் குழு வாக்குரிமையை ஆராய்ந்தபோது, தங்கள் மாகாணத்தில் தீண்டத்தகாதார் மிகக் குறைவு என்று வாதிட்டோர் இருந்தனர். அக்குழுவில் உறுப்பினராயிருந்த அண்ணல் அம்பேத்கர் அதை எதிர்த்து நின்றார். குறைத்து எண்ணப்பட்டவர்க்குப் பங்கும் குறையும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த காரணங்களும் உள. புகையிலை அவற்றுள் முதன்மையானது. வெற்றிலையோடு மென்றாலும் வாய்ப்புற்றைத் தரும். பாக்குத் தனியாகவும் தீங்கு செய்வதே. பனியிலும் மழையிலும் வேலை செய்வோர்க்கு அது துணையாயிருப்பதை நாங்கள் அறியாமலில்லை. வெறும் கண்டிப்பால் அதை விடச் செய்ய முடியாது. கருப்பைவாய்ப் புற்றுக்கு ஒரு நச்சுயிரியே காரணம். அதற்குத் தடுப்பூசி உண்டு. அந்நோய் பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிய செய்தி அன்று. மறைக்க வேண்டியதும் அன்று.

இக்கழகத்தில் பயின்ற பிள்ளைகளிடம் நாங்கள் கேட்பது இதுதான். மருத்துவமனைக்குச் செல்லும் பெரியோருடன் ஒருவர் துணை செல்லுங்கள். சீட்டில் ஊரைப் பெரும்பாறை என்றே எழுதச் சொல்லுங்கள். தோட்டத்தில் செய்த வேலையையும் எத்தனை ஆண்டு செய்தார் என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் இறந்தவருக்கு மருத்துவச் சீட்டு இருந்தால், இறப்பைப் பதியும்போது அதையும் காட்டுங்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை.