லிவர் கேப்ஸ்யூல் லிவருக்குப் போகுதா?

மெடிக்கல் ஷாப்பில் லிவருக்கு ஏதாவது கொடுங்கன்னு கேட்டா, எடுத்துத் தர்ற அட்டையில் பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கும்: சிலிமாரின். மில்க் திசில் என்ற முள்செடியோட விதையிலிருந்து எடுக்கிறது. மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. அதுல இருக்கிற சரக்கு ஃப்ளேவனாய்டு குடும்பம்.

இதை வெறும் பாட்டி வைத்தியம்னு ஒதுக்கிட முடியாது. ஐரோப்பாவில் டெத் கேப் என்ற விஷக்காளானைச் சாப்பிட்டு வர்றவங்களுக்கு, சிலிமாரினின் முக்கியப் பகுதியான சிலிபினினை ஊசி வழியா ரத்தத்தில் ஏத்துறாங்க. விஷம் கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வழியையே அது அடைக்கிறது.

அப்போ நாள்பட்ட கல்லீரல் நோய்க்கு கேப்ஸ்யூலா முழுங்கினா என்ன?

இங்கதான் சிக்கல். சிலிமாரின் தண்ணியில் சரியாக் கரையாது. குடல் கொஞ்சம்தான் உறிஞ்சும். அந்தக் கொஞ்சத்தையும் கல்லீரலே உருமாத்தி, பித்தநீரோட சேர்த்து வெளியே தள்ளிடும். காப்பாத்த வந்த ஆளையே வாசல்ல நிறுத்தி அனுப்புற மாதிரி! லேப்ல செல்கள் மேல நேரா ஊத்துற அளவுக்கும் இதுக்கும் ரொம்ப தூரம்.

2012-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. இன்டர்ஃபெரான் கைகொடுக்காத ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 154 பேர். ஒரு வேளைக்கு 700 மில்லிகிராம் வரை, தினம் மூணு வேளை, 24 வாரம். வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களைவிட அவங்க ஏ.எல்.டி. அளவு சொல்லிக்கிற மாதிரி இறங்கலை.

ஆனா 2017-ல் மலேசியாவில் கொழுப்பால் கல்லீரல் வீங்கிய 99 பேரிடம் செய்த ஆய்வு எனக்குச் சுவாரசியமா இருக்கு. முக்கிய இலக்கு அதிலும் எட்டப்படலை. ஆனா சிலிமாரின் எடுத்தவங்கள்ல சுமார் 22 சதவீதம் பேருக்குக் கல்லீரல் தழும்பு குறைஞ்சிருந்தது. மத்தவங்கள்ல 6 சதவீதம். சின்ன ஆய்வுதான். இன்னும் பெருசா செஞ்சு பார்க்கணும். அதுவரை ஃபேட்டி லிவருக்கு, உடம்பு எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறதுக்கு இருக்கிற ஆதாரம் இந்தக் கேப்ஸ்யூலுக்கு இல்லை.

இன்னொண்ணு. கிரீன் டீயில் இருக்கிற கேட்டசினும் ஃப்ளேவனாய்டுதான். குடிக்கிற டீயில் பிரச்சினை இல்லை. ஆனா எடை குறைக்கன்னு விக்கிற கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் மாத்திரை சில பேருக்குக் கல்லீரலையே கெடுத்திருக்கு. ஒரு நாளைக்கு ஈ.ஜி.சி.ஜி. 800 மில்லிகிராமைத் தொட்டா ஆபத்து இருக்குன்னு 2018-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரிச்சது.

அதனால டாக்டர் “வேற என்ன மாத்திரை எடுக்கிறீங்க?”ன்னு கேட்டா, ஜிம் பையில் கிடக்கிற அந்த டப்பாவையும் எடுத்துக் காட்டுங்க.