சாயவேரும் சாயப் படிப்பும்
(பெற்றோர் கூட்டத்தில் பேசிய உரை)



ஓ.எல். முடிந்ததும் பிள்ளையைக் கொழும்புக்குக் கார்மெண்ட் வேலைக்கு அனுப்பலாமா என்று நிறையப் பேர் எங்களிடம் கேட்கிறீங்க. தையல் மெஷினில் உழைக்கிறது குறைவான வேலை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துணிக்கு நிறம் ஏற்றுகிறவருக்கும் ஒரு படிப்பு இருக்கு. அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

யாழ்ப்பாணத்துக் கதை ஒன்றைக் கேளுங்க. அந்தக் குடாநாட்டின் மணல் கரைகளிலும் தீவுகளிலும் மன்னார்ப் பக்கத்திலும் சாயவேர் என்று ஒரு சின்னச் செடி முளைக்கும். வேரை இடித்துக் கொதிக்க வைத்தால் சிவப்புச் சாயம். வெறும் துணியை அதில் போட்டால் சாயம் நிற்காது. முதலில் கடுக்காய் நீரிலும் படிகாரத்திலும் ஊற வைக்க வேண்டும். படிகாரம்தான் துணியையும் சாயத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. அப்படி ஏற்றிய சிவப்பு லேசில் வெளுக்காது.

1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அந்த வேரில் நல்ல காசு பார்த்தார்கள். தோண்டினவர்கள்? வேர் தோண்டுவது ஒரு குறிப்பிட்ட சாதிக்குப் பிறப்பாலேயே விதிக்கப்பட்ட ஊழியம். வேர்க்குத்திகள் என்று அவர்களுக்குப் பெயர். அப்பன் தோண்டினால் மகனும் தோண்ட வேண்டும். இதைக் கேட்கும்போது நம்ம லயத்து ஞாபகம் உங்களுக்கும் வரும், எங்களுக்கும் வருது.

பிறகு என்ன ஆச்சு? அந்த வேரில் நிறம் தருகிற முக்கியமான பொருள் அலிசரின். 1868 இல் ஜெர்மனியில் இரண்டு இரசாயனவியலாளர்கள் அதைத் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டே செய்து காட்டினார்கள். கொஞ்ச வருஷத்தில் தொழிற்சாலைச் சாயம் மலிவாக வந்தது. வேரை வாங்க ஆள் இல்லை. வேரைத் தோண்டினவன் கையில் மிச்சம் ஒன்றும் இல்லை. சாயத்தின் சூத்திரம் தெரிந்தவன்தான் பிழைத்தான்.

இந்த விஷயம் உங்களுக்குப் புதுசு இல்லை. கொழுந்து பறித்த விரல் கறுக்குதே, கவ்வாத்துக் கத்தியில் கறை ஏறுதே, அதெல்லாம் சாய இரசாயனம்தான். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயிலும் அதே துவர்ப்பு இருக்கு.

இன்றைக்கு அவிசாவளை, பியகமப் பக்கங்களில் துணிக்குச் சாயம் ஏற்றும் பெரிய ஆலைகள் நடக்குது. அங்கே ஆய்வுகூடத்தில் இருக்கிறவருக்கு என்ன வேலை? வெளிநாட்டுக்காரன் அனுப்பின துண்டு நிறத்துக்குச் சரியாக, எந்தச் சாயம் எத்தனை கிராம், உப்பு எவ்வளவு, சோடா எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். கழுவினால் போகுதா, உரசினால் போகுதா என்று பரிசோதிக்க வேண்டும். மிஞ்சின சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணித்தான் வெளியே விடலாம். யாழ்ப்பாணத்தில் இது இன்னும் பெரிய விஷயம். அங்கே வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் கிணற்றுத் தண்ணீர்தான். கழிவு இறங்கினால் ஊரே குடிக்கும்.

படிக்கிற வழி இது. ஏ.எல். இல் இரசாயனவியல் கட்டாயம். இணைந்த கணிதம், பௌதிகவியலும் சேர்த்து நல்ல புள்ளி எடுத்தால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் துணி, ஆடைப் பொறியியல் இருக்கு. இரசாயனவியல் பட்டம் படிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம், திருநெல்வேலியில். உயிரியல் படித்தவர்களும் இதற்குப் போகலாம். பாடம் ஆங்கிலத்தில்தான், அதற்குப் பயப்படாமல் இப்போதே தயாராக வேண்டும். நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்குப் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடும் உண்டு. அது நம்ம பிள்ளைக்கான இடம், விட்டுவிடக் கூடாது.

கஷ்டம் எங்கே என்றால், ஏ.எல். விஞ்ஞானம் உள்ள தமிழ்ப் பாடசாலை நம்ம பக்கம் குறைவு. டவுனுக்குப் போக வேண்டும், பஸ் செலவு, சில பேருக்குத் தங்குமிடம். பொம்பளைப் பிள்ளை என்றால் அப்பாமார் உடனே வேண்டாம் என்கிறீங்க. அதே பிள்ளையைக் கொழும்பில் போர்டிங்கில் விடச் சம்மதிக்கிறீங்களே ஐயா!

கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல சித்தி எடுத்த பிள்ளை வீட்டில் இருந்தால், வேலைக்கு அனுப்புமுன் பெறுபேற்றுத் தாளை எங்களிடம் கொண்டு வாங்க. எந்தப் பாடசாலையில் இடம் இருக்கு என்று நாங்கள் அதிபர்மாரிடம் கேட்டுச் சொல்கிறோம். கொழுந்து நிறுத்த பிறகு, மாலையில் வந்தாலும் நாங்கள் இருப்போம்.