எங்க குழு வண்டி

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில், கொல்லிமலைக் குழு ஒன்றின் சார்பில் பேசியது)



கடன் வாங்கி என்ன செய்தீர்கள் என்று பேசச் சொன்னாங்க. நாங்க வண்டி வாங்கினோம். அந்தக் கதையைச் சொல்றோம்.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் தார் ரோடு உங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டி எங்க ஊருக்கு அப்போ மண் பாதைதான். அன்னாசி, பலா, மிளகு எது விளைந்தாலும் சோளக்காட்டுச் சந்தைக்குத் தலைச்சுமை. மழை பிடித்தால் வாடகை வண்டி வராது. வியாபாரி ஊருக்கு வந்து சொல்றதுதான் விலை.

2004-ல் குழுவில் 14 பேர். சேமிப்பு 30,000, வங்கிக் கடன் 90,000, ஆக 1,20,000 ரூபாய்க்குப் பழைய ஃபோர் வீல் ஜீப் பிக்கப் ஒன்று வாங்கினோம். பெயின்ட் உரிந்து, கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. "பழைய இரும்புக்கா இவ்வளவு பணம்?" என்று ஊர் ஆம்பளைங்க சிரிச்சாங்க.

முதல் மழையில் சிரிப்பு நின்னுச்சு. சாதா பிக்கப்பில் இன்ஜின் பின் சக்கரத்தை மட்டும்தான் சுற்றும். சேற்றில் அது வழுக்கினால் வண்டி நின்றுவிடும். எங்க வண்டியில் கியர் பக்கத்திலேயே இன்னொரு சின்ன கம்பி உண்டு. அதைப் போட்டால் முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மெதுவாகப் போகும், ஆனா ஏறிடும். தார் ரோட்டுக்கு வந்ததும் அதை எடுத்துடணும், இல்லேன்னா டயர் தேயும், கியருக்கும் கேடு. ஓட்டின தம்பிக்கு நாங்களே ஞாபகப்படுத்துவோம்.

2005 ஐப்பசியில் ஒரு ராத்திரி, எங்க உறுப்பினரின் மகளுக்குப் பிரசவ வலி. 108 வண்டி தமிழ்நாட்டில் வந்தது 2008-ல்தான். கொட்டுற மழையில் முன் சீட்டில் அவளை உட்காரவைத்து, ஓடையில் தண்ணீர் சக்கரம் பாதி மறைய, செம்மேடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண் குழந்தை. அது இப்போ கல்லூரி முடிச்சிருக்கு. அன்னைக்கு நாங்க நாலு பேர் பின் தொட்டியில் ஏறிப் போனோம். சரக்கு வண்டியில் ஆள் ஏறுவது சட்டப்படி தப்பு, ஆபத்தும்கூட. யாரும் அதைப் பழக்கமாக்காதீங்க.

ஆர்.சி. புத்தகம் ஊக்குநர் அக்கா பேரில் இருந்தது. ஒரு தடவை அவங்க வீட்டுக்காரர் வண்டியை அடகு வைக்கலாமா என்று கேட்டார். அக்கா பேசவே இல்லை. 14 கையெழுத்துள்ள தீர்மானப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாங்க. அத்தோடு அந்தப் பேச்சு முடிஞ்சது.

வங்கிக் கடனை 2007-லேயே அடைத்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் தப்பு செய்தோம். வந்த வாடகையை மாதாமாதம் பிரித்துக்கொண்டோம். வண்டி தேயும் என்று தனியாக ஒரு ரூபாய்கூட எடுத்து வைக்கவில்லை. 2011-ல் கிளட்ச், டயர், எஃப்.சி. எல்லாம் சேர்ந்து 38,000 ரூபாய் செலவு. கையில் பணம் இல்லை. "நீ அதிகம் சுமை ஏற்றினாய், நீ குறைவாகக் கொடுத்தாய்" என்று ஆளுக்கொரு பேச்சு. இரண்டு பேர் குழுவை விட்டே போயிட்டாங்க. வண்டி போனதைவிட அதுதான் எங்களுக்கு இன்னும் வலிக்குது.

2013-ல் 62,000 ரூபாய்க்கு விற்றோம். காலையில் மஞ்சள் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழமும் வைத்தோம். வாங்கினவர் சாவி போட்டார். வண்டி கிளம்பவில்லை. பாட்டரி இறங்கினால் எப்பவும் நாங்கதான் தள்ளுவோம். அன்னைக்கும் சேலையை இழுத்துச் செருகிக்கிட்டுத் தள்ளினோம். விலகிப் போன இரண்டு பேரும் வந்து கை வைத்தாங்க. இன்ஜின் பிடித்தது. திருப்பம் வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்றோம்.

குழுவாக வண்டியோ, மாவு மில்லோ, பவர் டில்லரோ வாங்கும் சகோதரிகளுக்கு ஒரே வேண்டுகோள். முதல் மாத வருமானத்திலிருந்தே ரிப்பேருக்கென்று தனிக் கணக்கு எழுதுங்க. லாபத்தை அதற்குப் பிறகு பிரிச்சுக்கலாம்.