நின்றால் நடுங்கும் கார்

காரைக்குடி பழைய பேருந்து நிலையம் பக்கம் நெரிசலில் காரை நிறுத்துகிறீர்கள். ஸ்டியரிங் கையில் அதிர்கிறது, ஓட்டினால் அடங்கிவிடுகிறது. உடனே இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். நிற்கும்போது நிமிடத்துக்கு 700, 800 சுற்றுதான். அந்த நிதானத்தில் ஒரு சிலிண்டர் சுணங்கினாலும் வண்டியே குலுங்கும்.

அந்த சிலிண்டரைக் கண்டுபிடிப்பதில் பெட்ரோல் அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகளின் கைப்பக்குவம் எனக்கு இன்றும் வியப்புதான். இன்ஜின் ஓட ஓட, பிளக் ஒயர்களை ரப்பர் கையுறையோடு ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார்கள். கழற்றியதும் சத்தம் தடுமாறினால் அந்த சிலிண்டர் உழைக்கிறது. எதைக் கழற்றினால் மாற்றமில்லையோ, எரியாமல் விடும் 'மிஸ்ஸிங்' அங்கேதான். பிளக்கை வெளியே எடுத்தால் பெரும்பாலும் முனையில் கரி அப்பியிருக்கும், இல்லையென்றால் பெட்ரோலில் நனைந்திருக்கும்.

இன்றைய கார்களில் இந்த ஒயர் சோதனையை நீங்கள் செய்யவே வேண்டாம். மெக்கானிக்கிடம் ஸ்கேனர் மாட்டி, எந்த சிலிண்டர் சுணங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லா சிலிண்டரும் ஒழுங்காக எரிந்தும் நடுக்கம் நிற்கவில்லையா? இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரில் டார்ச் அடித்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் கண்ணில் படும்.