வாயிலில் நிற்போர்க்கு ஒரு கல்வி

மாலை ஏழு மணியளவில் ஈஜிபுராவின் சந்துகளில் நின்று பார்த்தால் ஒரு காட்சியைக் காணலாம். சீருடை அணிந்து, கையில் சோற்றுத் தூக்குடன், ஆடவரும் பெண்டிரும் கோரமங்களாவை நோக்கி விரைந்து செல்வார்கள். பகற்காவலை முடித்தோர் களைத்த முகத்தோடு எதிரே வருவார்கள். இவ்விரு சாராரிலும் தமிழ் பேசுவோர் பலர் உண்டு. ஊரில் மழை பொய்த்ததால் வந்தோர் சிலர்; மகளின் படிப்புக்காகக் கடன்பட்டு வந்தோர் சிலர். பிறர் கவலையின்றி உறங்குவதற்காகத் தாம் விழித்திருப்பதே இவர்கள் ஏற்றுக்கொண்ட தொழில்.

'வாயிலில் நிற்பதற்கு ஒரு படிப்பா?' என்று நம்மிற் பலர் நகைப்பதுண்டு. அந்தத் தொழிலில் இருப்போரே அவ்வாறு எண்ணுவதையும் கண்டிருக்கிறோம். அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நேயர்கள் அறிவார்கள். நீதி கேட்டு வந்த கண்ணகி பாண்டியன் அரண்மனை வாயிலில் நிற்கிறாள். அவளை முதலிற் காண்பவன் வாயிலோன். அவன் அவளை விரட்டவில்லை. தன் அச்சத்தை மறைக்கவுமில்லை. உள்ளே சென்று, வந்தவள் எத்தகையவள், கையில் என்ன வைத்திருக்கிறாள், எந்த நிலையில் நிற்கிறாள் என்று கண்டதைக் கண்டவாறு அரசனிடம் உரைக்கிறான். உற்று நோக்குதல், உள்ளதை உரைத்தல், உரியவரிடம் உடனே சேர்த்தல் ஆகிய மூன்றும் இன்றைய பாதுகாவலர் பயிற்சிக்கும் அடிப்படை எனலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், மின்சார மீட்டர்கள் இருந்த பலகையிலிருந்து நள்ளிரவில் புகை எழுந்தது. காவலுக்கு நின்றவர் தருமபுரிப் பக்கத்து இளைஞர். அன்று மாலைதான் சீருடை பெற்றார். அன்றிரவே வாயிலில் நிறுத்தப்பட்டார். கடமையுணர்ச்சியில் அவருக்குக் குறைவில்லை. ஓடிச் சென்று ஒரு வாளி தண்ணீர் கொணர்ந்தார். மாடியிலிருந்து இறங்கி வந்த முதியவர் ஒருவர், "தம்பி, ஊற்றாதே!" என்று கூவி, அவர் கையைப் பற்றித் தடுத்தார். மின்னோட்டம் உள்ள இடத்தில் நீரை ஊற்றியிருந்தால் அந்த இளைஞரின் உயிர் என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

மின்சாரத் தீக்கு ஏற்ற கரியமில வாயுக் கருவி அவர் தலைக்கு நேரே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஏன் எடுக்கவில்லை என்று பின்னர்க் கேட்டோம். "அதைத் தொட்டால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று பயந்துவிட்டேன், ஐயா" என்றார். ஊசியை இழுத்து, குழலின் வாயைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசவேண்டும். இதைக் கற்பிக்க அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரத்தை அவருக்கு ஒருவரும் அளிக்கவில்லை.

அன்று ஒருவர் உயிர் தப்பியது. எல்லா நாளும் அவ்வாறு முடிவதில்லை. ஈஜிபுராவுக்கு அண்மையிலுள்ள தொம்லூரை அடுத்து, பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் என்னும் கட்டடம் உள்ளது. 2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் அங்கே தீப்பற்றியது. ஒன்பது பேர் மாண்டனர். தீயைவிடப் புகையே பெருங்கேடு செய்தது; மூச்சுத் திணறிச் சன்னல் வழியே குதித்தோரும் உண்டு. அவசரத்தில் வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன என்று அந்நாளில் செய்திகள் வெளிவந்தன. அன்று அங்கிருந்த காவலர்மேல் பழி சுமத்துவது நம் கருத்தன்று. ஆனால், எந்தக் கதவு எந்நேரமும் திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும், எந்தப் படிக்கட்டில் சாமான்களை அடுக்கக்கூடாது, தீயின்போது ஏன் லிப்டில் ஏறக்கூடாது என்பவற்றை ஒவ்வொரு கட்டடத்திலும் நாள்தோறும் கவனிக்க வேண்டிய கண்கள் காவலரின் கண்களே அன்றோ?

இதனை உணர்ந்தே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-ஆம் ஆண்டில் நிறைவேறியது. உரிய பயிற்சி பெற்றவரையே காவற்பணியில் அமர்த்தவேண்டும் என்பதும், அப்பயிற்சி கிடைக்கச் செய்வது நிறுவனத்தின் கடமை என்பதும் அதன் விதிகள். 2006-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகள் பயிற்சியின் அளவையும் வரையறுத்தன. வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாட்கள். படைப்பணியிலும் காவல்துறையிலும் இருந்து ஓய்வு பெற்றோருக்குச் சுருங்கிய பயிற்சி போதும்: வகுப்பில் 40 மணி, களத்தில் 16 மணி, குறைந்தது 7 வேலை நாட்கள். அல்சூரில் மதராஸ் பொறியியல் படைப்பிரிவின் தலைமையகம் இருப்பதால், இச்சலுகைக்கு உரிய தமிழர் இந்நகரில் பலர் உண்டு.

அந்த 160 மணி நேரத்தில் கற்பிப்பன யாவை? பொதுமக்களிடம் நடந்துகொள்ளும் முறை, உடற்பயிற்சி, தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தை ஒழுங்குபடுத்தல், அடையாளச் சீட்டுகளைச் சரிபார்த்தல், வெடிபொருளை ஐயுற்று அறிதல், காவல்நிலையத்தில் முறையீடு பதிவுசெய்யும் வழி, தற்காப்பு உரிமை பற்றிய சட்ட அறிவு ஆகியன. அடையாளச் சீட்டுகளில் காணும் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் படித்தறியவும் வேண்டும். அதிகம் படிக்காதவர் இதைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. இருபத்தாறு எழுத்தும் பத்து இலக்கமும் தெரிந்தால், வண்டியின் எண்ணைப் பிழையின்றிக் குறித்துவிடலாம்.

இவற்றுடன் பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றையும் நாம் சேர்த்துச் சொல்வோம். அது கன்னடம். 'யாரன்ன நோடபேக்கு?' என்று இன்முகத்தோடு கேட்கத் தெரிந்த காவலருக்கு வாயிலில் பாதிப் பூசல் எழுவதே இல்லை. நம்மை வாழவைக்கும் ஊரின் மொழியைக் கற்பது நன்றியுமாகும், நலமுமாகும்.

சட்ட அறிவு ஏன் வேண்டும் என்று சிலர் கேட்கலாம். காவலரின் சீருடை போலீஸ் அதிகாரத்தைத் தருவதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, தம் கண்ணெதிரே ஜாமீனில் விடத்தகாத கடுங்குற்றம் புரிந்தவனைப் பொதுமக்களில் எவரும் பிடிக்கலாம். ஆயின் வீண் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் அவனைப் போலீசாரிடம் ஒப்படைத்தாக வேண்டும். பிடித்தவனைக் கட்டிவைத்து அடிப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. முதலாளியோ, குடியிருப்போரோ, "இரண்டு தட்டு தட்டு" என்று ஏவினாலும், நாளை வழக்கில் நிற்கப்போவது அடித்தவரே. திருடனைப் பிடித்த கைக்கே விலங்கு வரலாகாது. ஆகவே இக்கல்வி காவலருக்கும் ஒரு காவல்.

பயிற்சி உயர்வுக்கும் வழியாகும். மேற்சொன்ன மாதிரி விதிகளின்படி பதினைந்து காவலருக்கு மிகாமல் ஒரு மேற்பார்வையாளர் இருத்தல் வேண்டும். அவர்க்குரிய பாடங்களில் தலைமைப் பண்பும் நிருவாகமும் அடங்கும். தெளிவாக அறிக்கை எழுதவும் பிறருக்குக் கற்பிக்கவும் வல்லவர் இரவெல்லாம் நிற்கும் நிலையிலிருந்து அந்நிலைக்கு ஏறலாம்.

இத்தொழிலை நாடி வரும் உறவினருக்கு நாம் சொல்லத்தக்கது இதுவே. சேரும்போது நிறுவனத்தின் உரிமம் எங்கே என்று கேளுங்கள். பயிற்சி எங்கே, எத்தனை நாள் என்று கேளுங்கள். முடிவில் சான்றிதழையும் புகைப்பட அடையாள அட்டையையும் கேட்டுப் பெறுங்கள். பயிற்சி இல்லாமலே சான்றிதழ் தருகிறோம் என்று எவரேனும் சொன்னால், அதை இலாபமென்று கருதிவிடாதீர்கள். நெருப்பு வந்து நிற்கும்போது காகிதம் உதவாது, கற்றதே உதவும்.

அடுக்குமாடிகளில் குடியிருப்போருக்கும் ஒரு சொல். காவலர் கூலியில் எவ்வளவு குறைக்கலாம் என்று பேரம் பேசுமுன், அவர் எத்தனை மணி நேரம் பயின்றவர் என்று கேளுங்கள். உங்கள் குழந்தைகள் உறங்கும் வீட்டின் திறவுகோல் அவர் கையில் இருக்கிறது.

தண்ணீர் வாளியோடு ஓடிய அந்த இளைஞர் பின்னர் முறையாகப் பயின்றார். இன்று புதிதாக வருவோரை முதல்நாள் அந்தச் சிவப்புக் கருவியின் அருகே அழைத்துச் சென்று, "இதைத் தொடலாம், பயப்படாதே" என்று சொல்லித்தான் தம் பாடத்தைத் தொடங்குகிறார்.