காற்று கசியாத பெட்டி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஸ்பீக்கர் பெட்டிக்கு எந்தப் பசை நல்லது?" இது மாணவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி. சின்ன விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் நம் சேலம், நாமக்கல் பக்கம் மைக்செட் கடை இல்லாத ஊர் உண்டா? ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்துவிட்டால் ஒரு பெட்டிகூட சும்மா இருக்காது. படிப்பு முடித்து இந்தத் தொழிலுக்கு வருகிற பையனுக்கு அந்தப் பெட்டிதான் முதல். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில், காற்று ஏன் கசியக்கூடாது? 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் ஆக்கினார். கோன் உள்ளே போனால் காற்று அதைத் தள்ளும். வெளியே வந்தால் இழுக்கும். மூலையில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், அந்த ஸ்பிரிங் தளர்ந்துவிடும். பேஸ் குறையும், 'புஸ்' என்று சத்தம் வரும். பேஸ் போதவில்லையே என்று ஆபரேட்டர் இன்னும் ஏற்றுவார். பிடிப்பில்லாத கோன் அளவுக்கு மீறி ஆடி, கடைசியில் காயில் போய்விடும். பசையில் மிச்சம் பிடித்தது ஸ்பீக்கரில் போகும். துளை வைத்த பெட்டிக்கும் இதே கணக்குத்தான். துளை தவிர வேறு வழியாகக் காற்று போகக்கூடாது.

"நிறைய ஸ்குரூ போட்டுட்டா போதாதா சார்?" என்று கேட்பீர்கள். நாமக்கல் பட்டறையில் லாரி பாடியை போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். அங்கே தேவை பலம். நமக்குப் பலத்தோடு அடைப்பும் வேண்டும். ஸ்குரூ பிடிக்கும், பசைதான் அடைக்கும்.

இனி பசைகளைப் பார்ப்போம். நம்ம ஊர்ப் பசை மரவள்ளி ஸ்டார்ச். 1981இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஜவ்வரிசியோடு அதையும் விற்றுத் தருகிறது. அட்டைப்பெட்டி ஒட்ட அருமையான பொருள். ஆனால் ஈரம் பட்டால் இளகும், பூச்சி அரிக்கும். மரப்பெட்டிக்கு ஆகாது. அந்தக் கால ஆசாரிகள் காய்ச்சிய வச்சிரம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் விட்டுவிடும். இசைக்கருவி பழுது பார்ப்பவருக்கு அது வரம், நமக்கு அது ஆபத்து.

அடுத்தது வெள்ளைப் பசை. 1959இல் வந்த ஃபெவிகாலை அறியாதவர் யார்? விளிம்பு நேராக அறுத்து, இரு பக்கமும் மெல்லியதாகத் தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரு நாள் விட்டுவிட்டால் மரம் கிழியுமே தவிர இணைப்பு விடாது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அதில் ஏறத்தாழ பாதி தண்ணீர். காயும்போது சுருங்கும். அறுப்பு கோணலாகி இடைவெளி இருந்தால், மரத்தூளைக் குழைத்து அடைத்தாலும் பின்னால் வெடிப்பு விடும். சாதாரண வெள்ளைப் பசை நல்ல சூட்டில் இளகவும் செய்யும். சித்திரை வெயிலில் டெம்போ மேல் நிற்கிற கறுப்புப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், புரியும். வெளியே போகிற பெட்டிக்கு நீர் தாங்கும் வகையை வாங்குங்கள். மூலைக்கு மூலை உள்ளே கட்டையும் வையுங்கள்.

இடைவெளி இருக்கிற இடத்துக்கு அரால்டைட் போன்ற எப்பாக்ஸி. இரண்டு குழம்பும் கலந்து இறுகுவதால் தண்ணீர் வெளியேற வேண்டியதில்லை, சுருக்கமும் மிகக் குறைவு. விலை அதிகம், அதனால் தேவையான இடத்தில் மட்டும் போடுங்கள். மைக்கா ஒட்டும் ரப்பர் பசையை இணைப்புக்குப் போடாதீர்கள். அதிர்விலும் சூட்டிலும் மெல்ல நகர்ந்துவிடும்.

பெட்டி முடிந்ததும் உள் மூலைகளில் வெள்ளைப் பசையையோ சிலிக்கானையோ ஒரு கோடாக இழுத்து விடுங்கள். சிலிக்கானில் காடி வாசம் வந்தால் அது முழுக்கப் போன பிறகே ஸ்பீக்கரை மாட்டுங்கள். அந்த அமிலம் உலோகத்தை அரிக்கும்.

கடைசியாகச் சோதனை. மூடிய பெட்டியில் கோனை இரு கை விரல்களாலும் சமமாக மெல்ல அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பினால் அடைப்பு சரி. சட்டென்று திரும்பினால் எங்கோ கசிகிறது. பிறகு 40, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, ஊதுவத்தியை இணைப்புகள் ஓரமாக நகர்த்துங்கள். புகை துடிக்கிற இடம்தான் ஓட்டை. ஒயர் வரும் துளையையும் ஸ்பீக்கர் விளிம்பையும் முதலில் பாருங்கள்; ஆசாரியை அப்புறம் திட்டலாம்!

ஆக, "எது நல்ல பசை?" என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள். இணைப்பு எவ்வளவு நெருக்கம், பெட்டி எவ்வளவு சூடு தாங்கணும், தண்ணீர் படுமா என்ற மூன்று கேள்வியையும் உங்களையே கேளுங்கள். பதில் தெரிந்தால் பசை தானாகத் தெரியும்.