காட்டு விலங்குகளைக் காணச் செல்வோம்



செனாய் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு, பள்ளி விடுமுறையில் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குச் சென்று வந்தோம். புறப்படும்போது பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே ஆசை: புலியைப் பார்க்க வேண்டும். திரும்பி வரும்போது ஒருவரும் புலியைப் பார்த்திருக்கவில்லை. ஆயினும், போன காரியம் வீணாகவில்லை. அது எப்படி என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

கூலாய், குளுவாங் வழியாகக் கஹாங் சேர்ந்தோம். அங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் மண்பாதை. முதலில் செம்பனைத் தோட்டங்கள், பிறகு காடு. பாதை முடியும் இடம் கம்போங் பெத்தா. ஜகூன் எனப்படும் பூர்வகுடி மக்கள் வாழும் ஊர் அது. எங்களுக்கு வழிகாட்டியவரும் அவர்களில் ஒருவரே.

இந்தக் காடு தானாக நிலைத்துவிடவில்லை. 1977ஆம் ஆண்டில் இதன் ஒரு பகுதியில் மரம் வெட்டத் தொடங்கியபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1985, 1986ஆம் ஆண்டுகளில் இயற்கைச் சங்கத்தார் அறிவியலாளர்களோடு உள்ளே சென்று, என்னென்ன உயிர்கள் உள்ளன என்று ஆராய்ந்தார்கள். 1993இல் ஜொகூர் பகுதி தேசியப் பூங்காவாயிற்று.

வழிகாட்டி எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் பாடம், பேசாமல் இருப்பது. விலங்கு நம்மைக் காணும் முன்பே நம் குரலைக் கேட்டுவிடும், வாடையையும் அறிந்துவிடும். ஆகவே விலங்கைத் தேடுவதைவிட, அது விட்டுச் சென்ற அடையாளத்தைத் தேடுவதே நல்லது என்றார்.

காலையில் உங்கா குரங்குகளின் கூவல் மலையெங்கும் கேட்டது. தலைக்கு மேலே இருவாய்ச்சிப் பறவை ஒன்று பறந்தது. அதன் சிறகோசை காற்றைக் கிழிப்பதுபோல் இருந்தது. இந்தப் பறவையில் பெண், மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஒரு சிறு பிளவின் வழியே ஆண் பறவை இரை கொண்டுவந்து ஊட்டும். ஆண் பறவையைச் சுட்டு வீழ்த்தினால், உள்ளிருக்கும் தாயும் குஞ்சும் பட்டினியால் மடியக்கூடும்.

ஆற்றங்கரை மணலில் யானையின் காலடி கிடந்தது. முன்காலடியின் சுற்றளவை நூலால் அளந்து இரட்டித்தால், யானையின் உயரம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். பிள்ளைகள் அளந்து பார்த்து வாயடைத்துப் போனார்கள்.

சற்றுத் தள்ளி வேறொரு காலடி. முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று விரல். அது தாபிர். உடலின் நடுப்பகுதி வெள்ளையும் மற்றவை கறுப்புமாக இருக்கும், யாருக்கும் தீங்கு நினையாத தழை தின்னி.

அதைப் பார்த்த ஒரு மாணவன் மெல்லச் சொன்னான்: "ஐயா, இதே மாதிரி காலடி எங்கள் தோட்டத்து ஓடைக்கரையிலும் இருக்கிறது. அப்பா அங்கேதான் கம்பிக் கண்ணி வைத்திருக்கிறார்."

அதற்குப் பிறகு அவன் வெகுநேரம் பேசவில்லை.

ஊர் திரும்பியதும் அவன் தந்தையைப் பார்த்துப் பேசினோம். "பன்றிக்குத்தான் வைத்தேன், வாத்தியாரே" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் கம்பிக்குப் பன்றி எது, தாபிர் எது, புலி எது என்று தெரியாதே! சிக்கிய விலங்கு இழுக்க இழுக்கக் கம்பி சதையை அறுக்கும். தப்பினாலும் கால் அழுகிச் சாகக்கூடும். கண்ணி வைப்பது சட்டப்படியும் குற்றம். 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தில் தண்டனை மேலும் கடுமையாகியுள்ளது. மறுநாள் தந்தையும் மகனும் சேர்ந்தே போய்க் கம்பிகளை அறுத்தெடுத்தார்கள்.

நேயர்களே, நம் நாட்டுக் காடுகளில் இன்று 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன. எண்டாவ் காட்டில் ஒரு காலத்தில் வாழ்ந்த சுமத்திராக் காண்டாமிருகம் இப்போது நம் நாட்டிலேயே இல்லை. கடைசியாக இருந்தது 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. அதன் காலடியை இனி எந்தப் பிள்ளைக்கும் நாம் காட்ட முடியாது.

உயிர்களைக் காண எண்டாவ் வரை போக வேண்டும் என்பதும் இல்லை. இரவில் செம்பனை வரிசையில் பறக்கும் கூகை, எலியைப் பிடித்துக் குலையைக் காக்கும் நம் கூட்டாளி. அபசகுனம் என்று அதைக் கல்லால் அடிக்க வேண்டாம். யானை தோட்டத்துக்குள் வந்தால் பட்டாசு கொளுத்தி விரட்டவோ, வேடிக்கை பார்க்க நெருங்கவோ வேண்டாம். பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துவிட்டு, மண்டோருக்கும் வனவிலங்கு இலாகாவுக்கும் உடனே தெரியப்படுத்துங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் பிள்ளைகளோடு ஓடைக்கரைக்குப் போய்ப் பாருங்கள். மண்ணில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களையே படிக்கச் சொல்லுங்கள். வழியில் கம்பி ஏதும் கண்ணில் பட்டால், தொடாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு இலாகாவுக்குச் சொல்லிவிடுங்கள்.